அணிலுக்கு ஏது பட்டா?

ஊரெல்லாம் புலிக்கும் யானைக்கும் மானுக்கும் சரணாலயம் வைத்திருந்தபோது, எங்கள் பக்கத்தில் ஒரு அணிலுக்குச் சரணாலயம் வைத்தார்கள். சாம்பல் நிற மலை அணில். வீட்டுக் கூரையில் ஓடும் மூன்று கோட்டு அணில் இல்லை, இது பூனை சைஸ். மூக்கிலிருந்து வால் நுனி வரை அளந்தால் இரண்டரை அடிகூட வரும். உலகத்திலேயே இலங்கையிலும் தென்னிந்தியாவில் சில இடங்களிலும் மட்டும்தான் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவாவும் கோபுரமும் மட்டும் ஞாபகம் வரும் வெளியூர் நண்பர்கள் இதையும் குறித்துக்கொள்ளவும் :-)

1988-ல் அந்தச் சரணாலயத்தை அறிவித்தார்கள். சுமார் 485 சதுர கிலோமீட்டர். 2021 பிப்ரவரியில் இதையும் மலைக்கு அந்தப் பக்கம் தேனி மாவட்டத்தில் இருக்கும் மேகமலைச் சரணாலயத்தையும் சேர்த்து, ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் என்று ஆக்கினார்கள். மொத்தம் ஆயிரத்துப் பதினாறு சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஐந்தாவது, இந்தியாவில் ஐம்பத்தொன்றாவது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

ஆனால் நான் இங்கே பேச வந்தது அந்த ஆயிரத்துப் பதினாறைப் பற்றி அல்ல. அதற்கு வனத்துறை இருக்கிறது, சட்டம் இருக்கிறது, செக்போஸ்ட் இருக்கிறது. காப்பகத்தின் கோடு முடிகிற இடத்துக்கும் ஊரின் கடைசி வீட்டுக்கும் நடுவில் ஒரு பச்சைப் பட்டை இருக்கிறதே, அதைப் பற்றி. செண்பகத்தோப்புக்குப் போகிற ரோட்டில் இரண்டு பக்கமும் பார்த்திருப்பீர்கள். ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவில் போகிற வழியிலும் பார்க்கலாம். மாந்தோப்பு, தென்னந்தோப்பு, நடுவில் பெரிய பெரிய புளியமரங்கள். எல்லாம் தனியார் பட்டா நிலம். இந்தப் பட்டையைக் காப்பாற்றுவது யார் வேலை என்று கேட்டால், இன்றைய தேதியில் யார் வேலையும் இல்லை. இதற்கென்று உள்ளூரில் ஒரு நில அறக்கட்டளை வேண்டும் என்பது என் கட்சி.

ஏன் வேண்டும்? முதலில் அணிலையே எடுத்துக்கொள்வோம். இந்த அணில் தரைக்கு இறங்குவது அபூர்வம். கிளையிலிருந்து கிளைக்குத் தாவித்தான் அதன் பிழைப்பு. உச்சியில் இலையும் குச்சியும் வைத்துக் கூடு கட்டும். ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றால்தான் அதற்கு அது காடு. பத்து மரத்துக்கு நடுவில் இரண்டை வெட்டினால் நமக்கு எட்டு மரம் மிச்சம், அதற்கு ரோடு நடுவில் அறுந்த மாதிரி. மாவும் புளியும் அதற்குப் பிடித்த சாப்பாடு. அதனால் அடிவாரத் தோப்புகளுக்கும் வருகிறது, கூடு கட்டுகிறது. பத்திரத்தைப் பார்த்து விட்டா வருகிறது?

இந்தப் பக்கத்துக் காட்டைப் பற்றி எழுதிய முக்கியமானவர்களில் ஒருவர் ஏ.ஜே.டி. ஜான்சிங். இந்தியாவின் பெரிய காட்டுயிர் அறிஞர்களில் ஒருவர், 2024-ல் காலமானார். டேராடூன் மாதிரி பெரிய இடங்களுக்குப் போவதற்கு முன் அவர் சிவகாசியில் அய்யநாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஜோஷ்வாவும் அவரும் சேர்ந்து, மனிதர்களின் நடமாட்டமும் தொந்தரவும் இந்த அணிலை என்ன செய்கின்றன என்று எழுதிய ஆய்வு 1994-லேயே வந்துவிட்டது. முப்பது வருஷம் ஆகிறது. விறகு, மேய்ச்சல் என்று அன்றைக்குக் கவலைப்பட்டார்கள். இன்றைக்குக் கவலையே வேறு. பிளாட்.

சித்தப்பாவுக்கு அடிவாரத்தில் நாலு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. பாதி சப்பட்டை, மிச்சம் பஞ்சவர்ணமும் மற்றதும். (ராஜபாளையத்துச் சப்பட்டையைச் சாப்பிடாதவர்கள் மாம்பழத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.) காய்ப்பைப் பூப் பிடிக்கும்போதே வியாபாரியிடம் குத்தகைக்கு விட்டுவிடுவார். இப்போது குத்தகைக்கு எடுப்பவர்கள் தோப்பு மலைக்கு எவ்வளவு பக்கம் என்று முதலில் கேட்கிறார்கள். பக்கம் என்றால் ரேட்டைக் குறைக்கிறார்கள். யானை ஒரு ராத்திரி உள்ளே வந்தால் கிளை கிளையாக முறித்துப் போட்டுவிடும். தென்னையாக இருந்தால் இன்னும் மோசம், குருத்துக்காக மரத்தையே சாய்த்துவிடும். பன்றி தனிக்கதை. இழப்பீடு உண்டு. ஆனால் மனு, போட்டோ, சான்று, நடை என்று அலைந்து கையில் வரும்போது அடுத்த சீசன் வந்துவிடும். காவலுக்கு ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ராத்திரி பரணில் இருக்கச் சம்மதிப்பதில்லை, அதில் தப்பும் இல்லை.

இந்த நேரத்தில் ஒரு புரோக்கர் வருகிறார். திருமங்கலம்–ராஜபாளையம் நான்குவழிச் சாலைத் திட்டம் வந்த பிறகு இந்தப் புரோக்கர்களின் வண்டி அடிவாரம் வரைக்கும் வருகிறது. பண்ணை வீடு, மலைக்காட்சி, தென்றல் காற்று என்று சொல்லி விற்கலாமாம். முழுசாகக் கொடுக்க வேண்டாம், இரண்டு ஏக்கர் கொடுங்கள் போதும் என்கிறார். சித்தப்பா இன்னும் கொடுக்கவில்லை. சித்தப்பா பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் இருக்கிறது, பொண்ணுக்குக் கல்யாணம் இருக்கிறது. அவரிடம் போய் 'அணிலுக்காக விற்காதீங்க சித்தப்பா' என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்படிச் சொல்கிறவர்கள் அவருக்கு மாசாமாசம் என்ன தருவார்கள் என்ற கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

இந்தக் கேள்விக்கு வெளிநாடுகளில் ஒரு பதில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1891-லேயே நிலத்தைப் பொதுமக்களுக்காக வைத்துக் காக்கும் ஒரு அமைப்பைச் சட்டம் போட்டு ஆரம்பித்தார்கள். நான்கு வருஷம் கழித்து இங்கிலாந்தில் நேஷனல் ட்ரஸ்ட் வந்தது. முதலில் எல்லாம் நிலத்தை வாங்குவது அல்லது தானமாகப் பெறுவது என்றுதான் இருந்தது. பிறகு அமெரிக்காவில் ஒரு நல்ல யுக்தி பிடித்தார்கள். நிலம் உன்னுடையதாகவே இருக்கட்டும், உழு, மாங்காய் பறி, பிள்ளைக்கு எழுதிவை, யாருக்கு வேண்டுமானாலும் விற்றுக்கொள். ஆனால் அதில் கட்டடம் கட்டும் உரிமையை, மனை போடும் உரிமையை மட்டும் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிடு. அதற்குப் பணமோ வரிச்சலுகையோ வாங்கிக்கொள். பத்திரத்தில் ஏறிவிடும். நாளைக்கு யார் வாங்கினாலும் அந்தக் கட்டுப்பாட்டோடுதான் வாங்க வேண்டும். நம் பாஷையில் சொன்னால், வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் 'இந்த நிலத்தில் அணிலுக்கு வில்லங்கம் உண்டு' என்று வர வேண்டும். நல்ல வில்லங்கம்!

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? இதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நம் ஊரில் இதற்கான சட்டம் 1882-ல் வெள்ளைக்காரன் போட்ட ஈஸ்மெண்ட் சட்டம். பக்கத்து நிலத்துக்காரனுக்குப் பாதை உரிமை, தண்ணீர் உரிமை, வெளிச்ச உரிமை என்று தருகிறதே, அதே சட்டம்தான். அதன்படி, இன்னொருவர் நிலத்தின் மேல் உங்களுக்கு இப்படி ஒரு உரிமை வேண்டுமென்றால், அது உங்களுடைய நிலத்தை நீங்கள் நன்றாக அனுபவிப்பதற்காக இருக்க வேண்டும். சொந்தமாக ஒரு அங்குலம்கூட இல்லாத சங்கம், 'சித்தப்பா தோப்பில் யாரும் கட்டடம் கட்டக் கூடாது' என்று நிரந்தர உரிமை வாங்க இந்தச் சட்டத்தில் வழி இல்லை. சித்தப்பாவிடம் எழுதி வாங்கலாம். சித்தப்பாவிடம் வாங்கினவரிடம் அது செல்லாமல் போகலாம்.

இங்கேதான் எனக்கு ஒரு யோசனை. சட்டம் படிக்கிற நண்பர்கள் தப்பு இருந்தால் திருத்துங்கள். சொந்த நிலம் இருந்தால்தானே உரிமை? அப்படியென்றால் அறக்கட்டளை எல்லாத் தோப்பையும் வாங்க வேண்டாம். நடுவில் ஒரு துண்டு வாங்கினால் போதும். அதைச் சுற்றி இருக்கிற தோப்புக்காரர்களிடம், 'எங்கள் துண்டின் நன்மைக்காக உங்கள் நிலத்தில் மரக்கூரையை அறுக்க மாட்டீர்கள், மனை போட மாட்டீர்கள்' என்று பணம் கொடுத்து எழுதி வாங்கிப் பதிவு செய்யலாம். சொத்து மாற்றுச் சட்டம் 40-ஆவது பிரிவிலும், பக்கத்து நிலத்தின் நன்மைக்கான கட்டுப்பாடு, விஷயம் தெரிந்து வாங்குகிறவரையும் கட்டுப்படுத்தும் என்கிற மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கிறது. கோர்ட்டில் அணிலின் நன்மையை நிலத்தின் நன்மை என்று ஒப்புக்கொள்வார்களா என்பது வக்கீல்களின் வேலை. எனக்கு முயற்சி செய்து பார்க்கத்தக்க வழியாகத் தெரிகிறது. அது ஆகாதென்றால் நீண்டகாலக் குத்தகை இருக்கவே இருக்கிறது. பதிவு செய்த குத்தகை, நிலம் கை மாறினாலும் அதன் காலம் வரை ஓடும்.

முழுசாக வாங்கிய கதைகளும் இந்தியாவில் உண்டு. கர்நாடகத்தில் கொள்ளேகால் பக்கம் எடையாரஹள்ளி–தொட்டசம்பிகே யானை வழித்தடத்தில் 25 ஏக்கர் சொச்சம் நிலத்தை வைல்ட்லைஃப் ட்ரஸ்ட் ஆஃப் இந்தியா வாங்கி வனத்துறையிடம் ஒப்படைத்தது. 25 ஏக்கர்தானே என்று நினைக்காதீர்கள். வழித்தடம் என்பது கழுத்து மாதிரி, அகலம் குறைவு, அறுத்தால் உயிர் போய்விடும். வயநாட்டில் திருநெல்லிப் பக்கமும் அதே அமைப்பு வழித்தடத்தில் இருந்த குடும்பங்களுக்கு வேறு இடத்தில் வீடும் நிலமும் ஏற்பாடு செய்து பாதையைத் திறந்துவிட்டது. குடகில் அனில், பமேலா மல்ஹோத்ரா தம்பதி 1991 முதல் கைவிடப்பட்ட தோட்டங்களைத் துண்டு துண்டாக வாங்கி, சுமார் 300 ஏக்கரைக் காடாகவே விட்டுவிட்டார்கள்.

இன்னொரு பக்கம் வால்பாறை. அங்கே நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு நிலத்தை வாங்கவே இல்லை. டீ எஸ்டேட்டுக்குள் திட்டுத் திட்டாக மிச்சம் இருக்கும் மழைக்காடுகளில், எஸ்டேட் கம்பெனிகளோடு பேசி, அந்த மண்ணுக்கே உரிய மரங்களை நட்டு மீட்டெடுக்கிறது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் வால்பாறையில் பெரிய பெரிய கம்பெனிகள், நான்கு பேரிடம் பேசினால் ஆயிரக்கணக்கான ஏக்கர். நம் அடிவாரத்தில் நாலு ஏக்கர், ரெண்டு ஏக்கர், அதிலும் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்கு. ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து பேச வேண்டும். அதனால்தான் வெளியூர் அமைப்பு சரிப்படாது, உள்ளூர் வேண்டும் என்கிறேன். ராஜபாளையத்திலேயே வைல்ட்லைஃப் அசோசியேஷன் ஆஃப் ராஜபாளையம் என்று ஒரு அமைப்பு பல வருஷமாக இந்த மலைக்காகப் பேசிக்கொண்டிருக்கிறது. எந்த ஓடை எங்கே ஓடுகிறது என்று தெரிந்த மனிதர்கள் இங்கே இல்லாமல் இல்லை.

அரசாங்கமே செய்யட்டுமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வழி இருக்கிறது. 2002-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது சமுதாயக் காப்பகம் என்று ஒரு வகையைச் சேர்த்தார்கள். தனியாரோ ஊரோ தானாக முன்வந்து தன் நிலத்தைக் கொடுத்தால் அரசு அதை அறிவிக்கலாம். ஆனால் அறிவித்த பிறகு நிலத்தின் பயன்பாட்டை மாற்ற நிர்வாகக் குழு தீர்மானமும் அரசின் ஒப்புதலும் வேண்டும். சித்தப்பா மாதிரி ஆள் இதைக் கேட்டவுடன் எழுந்து போய்விடுவார். 2022 ஜூனில் சுப்ரீம் கோர்ட் காப்பகங்களைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் என்று உத்தரவு போட்டபோது அடிவாரத்தில் எவ்வளவு பயம் கிளம்பியது என்று ஞாபகம் இருக்கும். 2023 ஏப்ரலில் கோர்ட்டே அதைத் தளர்த்தியது. பயம் மட்டும் தளரவில்லை. சட்டம் என்று ஆரம்பித்தால் தோப்புக்காரர் முதலில் செய்கிற வேலை, சட்டம் வருவதற்குள் விற்றுவிடுவதுதான். இது பேச்சிலும் பணத்திலும் ஆரம்பிக்க வேண்டிய காரியம்.

நிலத்தை ஒரு காரியத்துக்கென்று கட்டிப்போடுவது ஏதோ அமெரிக்கக் கண்டுபிடிப்பு மாதிரி எழுதிவிட்டேன். நம் ஆட்களுக்கு இது தண்ணீர்பட்ட பாடு. அறக்கட்டளை என்ற சொல்லிலேயே கட்டளை இருக்கிறது. விளக்குக்கு ஒரு நிலம், பூமாலைக்கு ஒரு நிலம் என்று கோவிலுக்கு எழுதிவைத்தார்கள். உழுகிறவன் மாறுவான், மாலை மாறாது. கல்லில் வெட்டிவைத்து, இதைக் கெடுத்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்று மிரட்டலும் வைத்தார்கள். (சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸ் முத்திரையைவிட அது வேலை செய்திருக்கும்.) ஸ்ரீவில்லிபுத்தூரின் மொத்தக் கதையுமே ஒரு நந்தவனத்துத் துளசிச் செடியடியில்தான் ஆரம்பிக்கிறது. அந்த நந்தவனம் இன்றைக்கும் பிளாட் ஆகாமல் இருப்பதற்குக் காரணம், அது எதற்கான நிலம் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ராஜபாளையத்துக்கும் சொல்ல ஒன்று உண்டு. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா எங்கள் ஊர்க்காரர். தன் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். அவர் பதவிக்கு வந்த அதே 1949-ல்தான் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஜமீன் ஒழிப்புக்குப் பயந்து காட்டை மொட்டையடித்து விற்கிறார்கள் என்ற நேரத்தில் வந்த சட்டம். ஆனால் அது காட்டுக்கான சட்டம், நாலு ஏக்கர் மாந்தோப்பு அதற்குள் வராது.

இனி, இந்த யோசனையில் எனக்கே இருக்கும் பயங்களையும் சொல்லிவிடுகிறேன். அறக்கட்டளை என்ற பெயரில் நான்கு பணக்காரர்கள் சேர்ந்து அடிவாரத்தை வளைத்து, வார இறுதிக்கு வந்து தங்கிப் போகிற கிளப் ஆக்கிவிடலாம். நடக்காது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. மகாராஷ்டிராவில் இருப்பதுபோலப் பொது அறக்கட்டளைகளைக் கண்காணிக்கத் தனிச் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட்டால் பிறகு கேட்க ஆள் குறைவு. ஆகவே பத்திரத்திலேயே எழுத வேண்டும்: நிலத்தில் விடுதி கிடையாது, அறக்கட்டளை கலைந்தால் நிலம் அறங்காவலர் வீட்டுக்குப் போகாது, கணக்கு வருஷா வருஷம் ஊரில் படிக்கப்படும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோவில் பக்கமும் பளியர்கள் இருக்கிறார்கள். புலிகள் காப்பகம் வருவதற்கும் சரணாலயம் வருவதற்கும் எவ்வளவோ முன்னாலிருந்து இருக்கிறார்கள். தேனெடுப்பதும் கிழங்கெடுப்பதும் அவர்கள் பிழைப்பு. 2006 வன உரிமைச் சட்டத்துக்குப் பிறகும் ஒவ்வொன்றுக்கும் மனுவோடு நிற்க வேண்டியிருக்கிறது. அடிவாரத் தோப்புகளில் காவலுக்கும் காய் பறிக்கவும் கூலிக்குப் போகிறவர்களிலும் அவர்கள் உண்டு. தோப்புக்கு வேலி போட்டு 'இயற்கையைக் காக்கிறோம்' என்று போர்டு மாட்டும்போது முதலில் வெளியே நிற்கப்போவது அவர்கள்தான். அறங்காவலர் குழுவில் பளியர்கள் இல்லாத அறக்கட்டளைக்கு நான் ஒரு ரூபாய்கூடத் தர மாட்டேன். (இப்போதைக்கு என்னிடம் இருப்பதும் அவ்வளவுதான், அது வேறு விஷயம்.)

பணம் எங்கிருந்து வரும்? ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு இந்த மலையிலிருந்துதான் தண்ணீர் வருகிறது, ராஜபாளையம் குடிக்கிறது. மில்களும் பேண்டேஜ் துணிக் கம்பெனிகளும் இங்கேதான் இருக்கின்றன. கம்பெனிகள் சமூகப் பொறுப்பு நிதி ஒதுக்க வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது, அதில் சுற்றுச்சூழலும் ஒரு இனம். பள்ளிக்கூடத்துக்கு பெஞ்ச் வாங்கித் தருவதைப் போல ஒரு தோப்பின் பத்து வருஷக் குத்தகையைத் தரலாம். கூடவே மாம்பழம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரர்களுக்கு, 'அணில் தோப்புச் சப்பட்டை' என்று ஒரு பெட்டியில் ஒட்டி மதுரையிலும் சென்னையிலும் பத்து ரூபாய் கூட வைத்து விற்கத் தெரியாதா? யானை வந்த வருஷம் நஷ்டத்தை அந்தப் பத்து ரூபாயிலிருந்து உடனே கொடுக்க வேண்டும், மனு இல்லாமல், அதே வாரத்தில். என் கணக்கில் தோப்புக்காரர் விற்காமல் இருக்க இது ஒன்றே பாதிக் காரணமாகிவிடும். பத்திரம், பிரிவு 40 எல்லாம் அதற்கப்புறம்.

வருகிற லீவில் ஊரில் இருக்கும் நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்தால் ஒரு வேலையை உடனே ஆரம்பிக்கலாம். செண்பகத்தோப்பு ரோட்டில் ஆரம்பித்துத் தோப்பு தோப்பாக நடந்து, எங்கே அணில் கூடு இருக்கிறது, எங்கே மரக்கூரை அறுந்திருக்கிறது, எந்தத் தோப்பில் விற்பனைக்கு என்று போர்டு தொங்குகிறது என்று ஒரு நோட்டில் குறிக்க வேண்டும். கூடு இருந்து போர்டும் தொங்குகிற தோப்புகள்தான் முதல் பட்டியல். சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் அணிலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. குத்தகை ஏக்கருக்கு எவ்வளவு, முன்பணம் உண்டா, காய்ப்பு யாருக்கு என்று மூன்றே கேள்விகள் கேட்டார். முதல் இரண்டுக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. காய்ப்பு உங்களுக்குத்தான் சித்தப்பா, அணில் தின்றது போக, என்று சொல்லிவைத்திருக்கிறேன்.